பழுது யார் பக்கத்தில்? – குத்தகைத் தடங்களின் கதை

1999 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழை இரவொன்று. நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடம் கொழும்பு நகருக்குள்ளும், அச்சகம் நகருக்கு வெளியே சுமார் பதினைந்து கிலோமீற்றர் தொலைவிலும் இருந்தன. வடிவமைத்து முடிந்த பக்கங்களைக் கணினியிலிருந்து நேரடியாக அச்சகத்துக்கு அனுப்புவதற்கென்று தொலைபேசிக் கம்பனியொன்றிடம் விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள தடமொன்றை மாதக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். அலுவலகத்தில் எல்லோரும் அதனை 'லீஸ்ட் லைன்' என்றே சொல்வார்கள். ஒரு பக்கம் போய்ச் சேர ஆறு நிமிடங்கள்வரை பிடிக்கும். அதற்கு முன்னர் பக்கங்களின் பிலிம்களைச் சுருட்டி வாகனத்தில் அனுப்பி வந்த எங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

அன்று பிற்பகல் விழுந்த மின்னலில் அச்சகப் பக்கத்துப் பெட்டி எரிந்துபோயிற்று. தடத்தின் முனையையும் ரவுட்டரையும் இணைக்கும் பெட்டி அது. விற்பனையாளர் உடனேயே மாற்றுப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். ஆனால் அது வேறொரு நாட்டில் வேறொரு கம்பனி செய்தது. மாலை ஆறு மணிக்குப் பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. "ஐந்தாம் பக்கம் வருகிறது" என்று குறுஞ்செய்தி அனுப்பினோம். "சரி" என்று பதில் வந்தது. ஐந்தாம் பக்கம் மட்டும் வரவில்லை. எங்கள் அனுப்பும் நிரல் பழையது. இடையில் ஒரு துண்டு பழுதானாலும் பக்கம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து அனுப்பத் தொடங்கும். அன்றிரவு அது தொடங்கிக்கொண்டே இருந்தது.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசிக் கம்பனியின் இராக் கடமை உத்தியோகத்தரிடம் பேசினேன். "லைனில ஒரு பிழையும் இல்லை சேர். இங்கயிருந்து லூப் போட்டுப் பார்த்திட்டன், சுத்தமா வருது. உங்கட பெட்டிக்காரரைக் கேளுங்கோ" என்றார். பெட்டிக்காரரோ, "பெட்டி புத்தம் புதுசு சேர். ரவுட்டரைப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார். ரவுட்டர் கொடுத்த கம்பனியின் இளைஞர் நித்திரையிலிருந்து எழுந்து வந்து ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, "ரவுட்டர் சரி. லைனிலதான் பிழை" என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கதையின் விசேடம்.

அந்த ஐந்தாம் பக்கம் மரண அறிவித்தல் பக்கம். ஹற்றன் பகுதியில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அறிவித்தல் அதில் இருந்தது. மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு நல்லடக்கம். மூத்த மகன் அன்று காலை தானே கொழும்புக்கு வந்து, பணம் கட்டி, எழுத்துப் பிழை பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரவு ஒரு மணிக்குப் பக்கங்களை ஸிப் வட்டொன்றில் பதிந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பியை அனுப்பினோம். அக்காலத்துக் கொழும்பில் நள்ளிரவு கடந்த நேரத்தில் ஒரு தமிழ் இளைஞன், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் காட்ட முடியாத ஒரு வட்டுடன் சோதனைச் சாவடிகளைக் கடப்பது எப்படியிருந்திருக்கும் என்பதை அக்காலத்தை அறிந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது சாவடியில் ஒன்றரை மணி நேரம் மறிக்கப்பட்டான். மலையகத்துக்குப் போகும் விடியற்காலைப் பொதி பஸ்ஸைத் தவறவிட்டது. அறிவித்தல் ஹற்றனைச் சென்றடைந்தபோது நல்லடக்கம் முடிந்திருந்தது.

அடுத்த நாள் மகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி எளிமையானது. "யாருடைய பிழை?" என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரே தடத்தில் மூன்று கம்பனிகள் பொறுப்பாக இருந்தும் ஒருவருமே பொறுப்பில்லாத நிலை எப்படி உருவாயிற்று என்பதைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் வாசித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டேன்.

1990 களின் தொடக்கத்தில் நான் பயிலுநராகச் சேர்ந்தபோது அலுவலகத்தில் செய்தி முகவர் நிலையத்தின் தொலையச்சு இயந்திரம் இன்னும் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. 50 போட் வேகம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 66 சொற்கள். மெதுவானதுதான். ஆனால் அது நின்றுவிட்டால் ஒரேயோர் இடத்துக்குத்தான் சொல்வோம், யாராவது வருவார்கள். எண்முறைத் தடங்களும் முதலில் அப்படித்தான், ஒரே வீட்டுப் பிள்ளையாகவே பிறந்தன.

ஒலியை எண்களாக மாற்றிக் கம்பியில் அனுப்பலாம் என்ற எண்ணம் பிரித்தானியப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸுக்கு 1937 இல் பாரிஸில் பணியாற்றும்போது உதித்தது. அதைச் செலவுகட்டும் வகையில் செய்வதற்கான இலத்திரனியல் அன்று இருக்கவில்லை. திரான்சிஸ்டர் வந்த பின்னரே அது கைகூடியது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962 இல் சிக்காகோவில் ரி-1 என்ற தொகுதியைச் சேவையில் ஈடுபடுத்தியது. நகரத் தெருக்களின் கீழிருந்த குழாய்கள் செப்புக் கம்பிகளால் நிரம்பி, புதிய கம்பி போட இடமில்லாத நிலையில், இரண்டு சோடிக் கம்பிகளில் 24 உரையாடல்களைக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். ஒவ்வொரு குரலும் விநாடிக்கு 8,000 தடவை அளக்கப்பட்டு 8 பிட்களாகும். 24 குரல்களுக்கு 192 பிட்கள், சட்டகத்தின் எல்லையைக் காட்ட ஒன்று, ஆக 193. இதை 8,000 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 15,44,000 பிட்கள்.

கம்பியில் 'ஒன்று' என்பது ஒரு மின்துடிப்பு. 'பூச்சியம்' என்பது மௌனம். துடிப்புகளைப் புதுப்பிக்கும் கருவிகள் 6,000 அடிக்கு ஒன்றாக நிலத்தடிக் குழிகளில் இருந்தன. அவற்றுக்குத் தனி மணிக்கூடு கிடையாது. வரும் துடிப்புகளைக் கேட்டே அவை தாளம் பிடித்தன. மௌனம் நீண்டால் தாளம் தவறிவிடும். ஆகவே தொடர்ச்சியாக 15 பூச்சியங்களுக்கு மேல் வரக்கூடாது என்று விதி செய்தார்கள். குரலைப் பொறுத்தவரை இது பிரச்சினையே இல்லை. கணினித் தரவு வந்தபோதுதான் பிரச்சினை. தரவுக்கு மௌனமும் ஒரு சொல்தான். வெறுமையான வெள்ளை இடம் நிறைந்த படக் கோப்பொன்று நீண்ட பூச்சிய வரிசையாகிவிடும். எழுத்து போகும், படம் போகாது. அமெரிக்கத் தொழில்நுட்பவியலாளர்கள் பலரின் தலைமுடி இதனால்தான் நரைத்திருக்க வேண்டும். பின்னர் எட்டுப் பூச்சியங்கள் சேர்ந்து வந்தால் அவற்றுக்குப் பதிலாக வேண்டுமென்றே விதிமீறிய துடிப்புக் கோலமொன்றை அனுப்பி, மறுமுனையில் அதை மீண்டும் பூச்சியங்களாக்கும் முறையை வகுத்தார்கள். ஆனால் அது ஒரு முனையில் இயக்கப்பட்டு மறுமுனையில் இயக்கப்படாவிட்டால் புதிய வகைக் குழப்பம் தொடங்கும்.

ஐரோப்பியர் தங்கள் வழியில் போனார்கள். ஈ-1 எனப்படும் அவர்களுடைய முறையில் 32 கூறுகள். முதலாவது சட்டகத்துக்கு, பதினாறாம் இலக்கமுடையது சமிக்ஞைக்கு, மீதி 30 உரையாடலுக்கு. மொத்தம் விநாடிக்கு 20,48,000 பிட்கள். இலங்கை உட்பட உலகின் பெரும்பகுதி இதையே பின்பற்றியது. அமெரிக்க முறையில் சமிக்ஞைக்காகக் குரலின் பிட்களில் இடையிடையே ஒன்றைத் 'திருடும்' வழக்கம் இருந்தது. காது அதைக் கவனிக்காது. தரவோ ஒரு பிட்டையும் இழக்கமுடியாதாகையால் எட்டில் ஏழை மட்டுமே நம்பலாம் என்றாயிற்று. அமெரிக்காவில் 56 கிலோபிட்டும் ஏனைய இடங்களில் 64 கிலோபிட்டும் வழக்கிலிருந்ததற்கு இதுவே வேர். கடல் கடந்த தடமொன்றின் இரு முனைகளில் இந்த இரண்டு பழக்கங்களும் சந்தித்தபோது நடந்த கூத்துகள் தனிக் கட்டுரைக்குரியவை.

இதுவரை எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடந்தது. பெட்டியும் கம்பியும் இணைப்பகமும் பெல்லுடையவை. வாடிக்கையாளர் தொலைபேசியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக்கூடப் பொருத்தக்கூடாது என்று கம்பனி வாதாடியது. நான் மிகைப்படுத்தவில்லை. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேளாதபடி வாய்ப்புறத்தில் மாட்டும் 'ஹஷ்-ஏ-போன்' என்ற கிண்ணத்துக்காக வழக்கு நடந்து, 1956 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கிண்ணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வந்தவர் டெக்சாஸைச் சேர்ந்த தோமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் வானொலித் தொடர்பில் இருப்பவரைத் தொலைபேசியுடன் இணைக்கும் 'கார்ட்டர்போன்' என்ற சாதனத்தை அவர் 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 விற்றார். அதில் மின்னிணைப்பே இல்லை. தொலைபேசிக் கைப்பிடியைத் தொட்டிலில் வைத்தால் ஒலி மூலமாகவே பேச்சுக் கடக்கும். அதையும் கம்பனி தடுத்தது. 1968 இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு கார்ட்டரின் பக்கம் நின்றது. கம்பனி விடவில்லை. வெளியார் சாதனத்தை இணைப்பதானால் இடையில் எங்கள் பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு எடுங்கள் என்றது. 1970 களின் நடுப்பகுதியில் ஆணைக்குழு பதிவு முறையைக் கொண்டுவந்து அதற்கும் முடிவுகட்டத் தொடங்கியது.

எண்முறைத் தடங்களுக்கு இது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் எடுத்தன. 1974 இல் ஏ.ரி.அன்.ரி. கம்பனி எண்முறைத் தரவுச் சேவையைத் தொடங்கியபோது தடத்தின் முனையில் இருந்த பெட்டிகளும் அதனுடையவையே. அவற்றின் வேலை இரண்டு. கணினியின் சமிக்ஞையைத் தடத்துக்கேற்றதாக மாற்றுவது ஒன்று. கட்டளை வந்ததும், வருவதை வந்த வழியே திருப்பி அனுப்புவது மற்றது. அந்தத் திருப்பி அனுப்பலே 'லூப்'. இணைப்பகத்தில் இருப்பவர் ரி-1 தடத்தில் 10000 என்ற கோலத்தைச் சில விநாடிகள் தொடர்ந்து அனுப்பினால் தொலைமுனைப் பெட்டி தன்னைத் தானே மடித்துக்கொள்ளும். 100 என்று தொடர்ந்து அனுப்பினால் விடுவித்துக்கொள்ளும். ஆள் அனுப்பாமல் பழுது எங்கே என்று அறிவதற்குச் செய்யப்பட்ட அருமையான ஏற்பாடு அது.

1983 இல் ஆணைக்குழு அந்த முனைப் பெட்டியும் வாடிக்கையாளரின் சாதனமே என்று முடிவு செய்தது. 1984 ஜனவரி 1 இல் பெல் சாம்ராச்சியம் பிரிக்கப்பட்டது. எந்தக் கம்பனியின் பெட்டியையும் கடையில் வாங்கலாம். விலை இறங்கியது, புதுமை பெருகியது. நான் இதைக் குறை சொல்லமாட்டேன். போட்டி இல்லாவிட்டால் எங்களைப் போன்ற சிறிய பத்திரிகைக்கு அந்தத் தடமே கிடைத்திராது. ஆனால் ஒரே வீட்டுக்குள் இருந்த மூட்டு அன்று முதல் இரண்டு வீடுகளுக்கு இடையிலான வேலியாயிற்று. பழுது பார்க்கப் பிறந்த லூப், 'எங்கள் பக்கம் சுத்தம்' என்று நிரூபிக்கும் சாட்சியாக மாறியது.

வேலியின் இரு பக்கமும் மொழி வேறுபட்டது. வி.35 என்ற இணைப்பு முறை 48 கிலோபிட் மொடெமொன்றுக்காக வகுக்கப்பட்டது. 1988 இல் அதனை வகுத்த அமைப்பே கைவிட்டது. அதன் பிறகும் நீண்ட காலம் 2 மெகாபிட் தடங்கள்கூட அந்தப் பெயரிலேயே இணைக்கப்பட்டன. 34 ஊசிகள் கொண்ட அந்தப் பெரிய கறுப்புச் செருகி ரவுட்டரின் பின்புறத்தில் இடம் பிடிக்கிறது என்று கம்பனிகள் தத்தம் சொந்தச் சிறிய செருகிகளைச் செய்தன. சரியான கேபிள் இல்லாமல் இரண்டு நாள் காத்திருந்த அலுவலகங்களை நான் அறிவேன்.

கம்பிக்கு மேலே பேசும் மொழியும் அப்படித்தான். எச்.டி.எல்.சி. என்பது சர்வதேச நியமம். ஆனால் உள்ளே செல்வது எந்த வகைப் பொதி என்று சொல்ல அதில் இடமில்லாததால் சிஸ்கோ தன் சொந்த அடையாளத்தைச் சேர்த்தது. பெயர் ஒன்று, மொழி வேறு. வேறு கம்பனியின் ரவுட்டரை மறுமுனையில் வைத்தால் 'சீரியல் இஸ் அப், லைன் புரொட்டகோல் இஸ் டவுன்' என்று திரையில் ஒரு வரி தோன்றும். கம்பி உயிரோடிருக்கிறது, பேச்சு வார்த்தை இல்லை என்பது அதன் பொருள். எல்லோருக்கும் பொதுவான பி.பி.பி. முறை 1989 இல் முன்வைக்கப்பட்டு 1994 இல் நிலையான நியமமாகியது. பிரேம் ரிலே சேவையில் இணைப்பு நலமா என்று விசாரிக்கும் உரையாடலுக்கே மூன்று வடிவங்கள் இருந்தன. 1990 இல் சிஸ்கோ, டிஜிட்டல், நோர்தேர்ண் ரெலிகொம், ஸ்ட்ராட்டாகொம் ஆகிய நான்கு கம்பனிகள் ஒன்றை வெளியிட்டன. அமெரிக்க நியம நிறுவனம் ஒன்றையும் சர்வதேச ஒன்றியம் இன்னொன்றையும் வெளியிட்டன. முதலாவது 1023 ஆம் இலக்க வழியில் பேசும், மற்ற இரண்டும் பூச்சியத்தில். பிழையான வழியில் காது வைத்திருப்பவனுக்கு ஒன்றும் கேளாது.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது மணிக்கூடு. (கணக்கில் ஆர்வமில்லாத வாசகர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிச் செல்லலாம். நான் கலைப் பட்டதாரி. எனக்கே இது தாமதமாகத்தான் விளங்கியது.)

அனுப்புபவனும் பெறுபவனும் ஒரே வேகத்தில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் இடையிலுள்ள சிறு தொட்டி நிரம்பி வழியும் அல்லது வற்றும். அப்போது சில பிட்கள் தொலையும் அல்லது இரு தடவை வரும். இதைத் தொழிலில் 'ஸ்லிப்' என்பார்கள், வழுக்கல் என்று சொல்லலாம். நாடுகளின் தொலைபேசி வலையமைப்புகளுக்கான சர்வதேச விதி, தலைமை மணிக்கூடுகள் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகக்கூடாது என்கிறது. இத்தகைய இரண்டு மணிக்கூடுகள் எதிரெதிராகப் பிசகினாலும் 72 நாட்களுக்கு ஒரு வழுக்கல்தான். ஒரு சாதாரணப் பெட்டியினுள் இருக்கும் பளிங்கு பத்து இலட்சத்தில் 50 பங்கு பிசகலாம். அப்படியானால் 125 மைக்ரோ விநாடிச் சட்டகமொன்று இரண்டரை விநாடிக்கு ஒரு தடவை வழுக்கும். குரலில் அது ஒரு சிறிய 'டிக்' ஒலி. பக்கமொன்றை அனுப்பும்போது அது ஒரு பழுதான துண்டு.

ஆகவே முனைப் பெட்டிகள் தங்கள் மணிக்கூட்டை ஒதுக்கிவிட்டு வலையமைப்பின் தாளத்தையே பின்பற்ற வேண்டும். எங்கள் அச்சகத்தில் எரிந்துபோன பெட்டி அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. புதிய பெட்டியைச் செய்த கம்பனியோ, ஆலையிலிருந்து வெளியேறும்போது சொந்த மணிக்கூட்டில் ஓடும்படி விட்டிருந்தது. இரண்டு பெட்டிகளை நேருக்கு நேர் கம்பியில் இணைப்பவருக்கு அது வசதி. எங்களுக்கு அது வினை.

லூப் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை? தொலைபேசிக் கம்பனி லூப் போட்டபோது பெட்டி, வந்த துடிப்புகளை வந்த தாளத்திலேயே திருப்பி அனுப்பியது. அந்த நேரத்தில் அதன் சொந்த மணிக்கூட்டுக்கு வேலையே இல்லை. ஆகவே வழுக்கல் இல்லை, தடம் சுத்தம். ரவுட்டர்க்காரர் தன் பக்கத்திலிருந்து லூப் போட்டபோது எல்லாம் பெட்டியின் மணிக்கூட்டிலேயே போய் வந்தன. அங்கும் இரண்டாவது மணிக்கூடு இல்லை, அதுவும் சுத்தம். இரண்டு தாளங்களும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே பிழை இருந்தது. அந்த இடத்தை எவரும் சோதிக்கவில்லை. அவரவர் தங்கள் வேலி வரை வந்து திரும்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அதைக் கண்டுபிடித்தவர் தொலைபேசிக் கம்பனியின் வயதான தொழில்நுட்பவியலாளர் ஒருவர். கருவி எதுவும் கொண்டுவரவில்லை. ரவுட்டரின் திரையில் பழுதான துண்டுகளின் எண்ணிக்கை ஏறுவதைத் தன் கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். "தம்பி, வயர் பழுதெண்டால் தாறுமாறா வரும். இது எண்ணி வைச்ச மாதிரி வருகுது. மணிக்கூடுதான்" என்றார். பெட்டியின் அடிப்புறத்தில் இருந்த வெண்ணிற ஆளிகளில் ஒன்றைப் பேனா முனையால் தள்ளினார். எண்ணிக்கை நின்றது. பக்கம் போயிற்று.

மூன்று கம்பனிகளுக்கும் விளக்கம் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு மூன்று பதில்கள் வந்தன. சோதனை அறிக்கைகளும் இணைக்கப்பட்டிருந்தன. தங்கள் பக்கத்தில் குறை எதுவும் காணப்படவில்லை என்று மூன்றும் தெரிவித்தன. அறிவித்தலுக்கான பணத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். மகன் வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வகைத் தடங்களின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஒளியிழையும் ஈதர்நெற்றும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆனால் பழைய ரி-1, ஈ-1 பெட்டிகளை எளிதில் கைவிட முடியாத இடங்களுக்காக, அந்தத் துடிப்புகளைப் பொதிகளாக்கி இணைய வலையமைப்பினூடே கொண்டுசெல்லும் முறைகள் 2006 இலும் 2007 இலும் வகுக்கப்பட்டன. பொதிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வருபவை. அவற்றைக் கேட்டுத் தாளம் பிடிக்க முடியாது. ஆகவே மறுமுனையில் தாளத்தை எப்படி மீட்பது என்ற கேள்விக்கு அவற்றை வகுத்தவர்களும் பதில் தேட வேண்டியிருந்தது. அச்சகத்தில் அந்தப் பெட்டி கழற்றப்பட்டபோது அதைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆளிக்குப் பக்கத்தில் பேனா மைப் புள்ளி இன்னும் இருக்கிறது.